இரண்டும் உயிரோடு இருந்ததுதான் பிரச்சினை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் நுவரெலியாப் பக்கத்து அன்பர் ஒருவர் எழுதிய கடிதத்தை வாசித்தேன். கூட்டுறவுச் சங்கம், பாடசாலை, தோட்ட ஒபிஸ் எல்லாம் இனி இரண்டு சேர்வர் வாங்கி, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே விழும்படி மிரர் போட்டுவிட வேண்டும், ஒன்று படுத்தாலும் மற்றது எழும்பி ஓடும், அப்புறம் கவலையே இல்லை என்பது அவர் கருத்து. ஒன்று படுத்தால் அவர் சொல்வது சரி. இரண்டுமே படுக்காமல், நடுவில் இருக்கிற தொடர்பு மட்டும் படுத்தால் என்ன நடக்கும் என்பதை அவர் எழுதவில்லை. எனக்கு அது நடந்தது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், வெட்டாமல் போட்டால் நல்லது.

நான் ஹற்றனில் சின்னதாக ஒரு கம்பியூட்டர் கடை வைத்திருக்கிறேன். கடையில் சாமான் விற்று வருவது வாடகைக்கே காணாது. மூன்று நாலு தோட்டங்களுக்கும் ஒரு கடன் சங்கத்துக்கும் பராமரிப்பு வேலைக்குப் போவதில்தான் அடுப்பு எரிகிறது. அப்பா பொகவந்தலாவைப் பக்கம் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று யாராவது கேட்டால், "செக்ரோல் எழுதுற மெஷினுக்கு வைத்தியம் பார்க்கிறான்" என்பார். ஏறக்குறைய அதுதான். (செக்ரோல் என்றால் தோட்டத்து ஆட்களின் வேலை, சம்பளப் பதிவேடு.)

சம்பவம் நடந்த தோட்டத்தின் பெயர் வேண்டாம். ஸ்டோர், அதாவது தேயிலை ஃபாக்டரி, கீழே ஆற்றோரம். ஒபிஸ் மேலே, நடந்தால் இருபது நிமிஷ ஏற்றம். ஸ்டோரில் ஒரு சேர்வர், ஒபிஸில் ஒரு சேர்வர். நடுவில் கம்பத்துக்குக் கம்பம் இழுத்த ஃபைபர் கேபிள். அது அறுந்தால் உதவட்டும் என்று கூரைக்குக் கூரை ஒரு ரேடியோ லிங்க்கும் இருந்தது. கொழுந்து நிறுத்த கணக்கு, பேர் (ஒரு நாள் வேலை) போட்ட கணக்கு, அட்வான்ஸ், ஈபிஎஃப் பிடிப்பு எல்லாமே ஒரே டேட்டாபேஸில். வழக்கமாக ஸ்டோர் மெஷினில்தான் எழுதப்படும். ஒபிஸ் மெஷின் கையைக் கட்டிக்கொண்டு நின்று, வந்து விழுவதை வாங்கி வைத்துக்கொள்ளும்.

இந்த வேலையைச் செய்கிற மென்பொருளுக்கு டிஆர்பிடி என்று பெயர். ஆஸ்திரியாவில், வியன்னாவில் உள்ள லின்பிட் நிறுவனத்தின் தயாரிப்பு. 2010இல் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் 2.6.33 பதிப்பிலிருந்து, அதன் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இது செக்ரோலா, சினிமாப் படமா என்றெல்லாம் அது பார்க்காது. ஒரு டிஸ்க்கில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதப்பட்டதோ, அதை மற்ற டிஸ்க்கின் அதே கட்டத்தில் எழுதும். எப்போது "எழுதியாயிற்று" என்று சொல்ல வேண்டும் என்பதை நாம் தீர்மானிக்கலாம். சி முறை என்றால் இரண்டு டிஸ்க்கிலும் விழுந்த பிறகுதான் சொல்லும். ஏ முறை என்றால் தன் டிஸ்க்கில் எழுதி, மற்றதுக்கு அனுப்புகிற வரிசையில் போட்டவுடனேயே சொல்லிவிடும். நாங்கள் வைத்திருந்தது சி. சம்பள விஷயம் அல்லவா.

டிஆர்பிடி பிரதி எடுக்குமே தவிர, யார் மூத்தவன் என்பதைத் தானாகத் தீர்மானிக்காது. அதற்கு மேலே பேஸ்மேக்கர், கோரோசிங்க் என்று இரண்டு மென்பொருள்கள் உண்டு. இரண்டு மெஷினிலும் இவை ஓடும். இந்த மெஷினில் இருப்பவரும் அந்த மெஷினில் இருப்பவரும் ஒருவருக்கொருவர் "இருக்கிறாயா, இருக்கிறேன்" என்று விடாமல் குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். சில விநாடிகள் பதில் வராவிட்டால், ஆள் போய்விட்டான் என்று முடிவு செய்து, மிஞ்சியிருப்பவன் பொறுப்பை எடுத்துக்கொள்வான். இதுதான் ஃபெயில்ஓவர்.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் பதில் வராததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ஆள் போயிருக்கலாம், அல்லது குரல் வருகிற வழி அடைபட்டிருக்கலாம். இந்தப் பக்கம் நிற்பவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் போட்டு மிரர் செய்வதில் இந்தச் சிக்கல் இல்லை. 1988இல் பெர்க்லி பல்கலைக்கழகத்து பட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் ரெய்ட் என்று பெயர் வைத்து எழுதினார்களே, அந்த வகை. அங்கே இரண்டு டிஸ்க்கையும் பார்க்கிற கண் ஒன்றுதான், எது செத்தது என்பதில் சந்தேகம் வராது. இரண்டு பெட்டியாக்கி நடுவில் ஒரு மலையை வைத்தவுடன் சந்தேகம் வந்துவிடுகிறது.

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். அவர் காலத்தில் கணக்கப்பிள்ளையின் சட்டைப்பையில் பொக்கட் செக்ரோல் இருக்கும், ஒபிஸில் பெரிய செக்ரோல் இருக்கும். பொழுது சாய்ந்து பையில் இருப்பதைப் பெரியதில் ஏற்றுவார்கள். "ஒரே மலைக்கு ரெண்டு கணக்கப்பிள்ளை அனுப்பி, ரெண்டு பேரும் பேர் போட்டா என்னடா ஆகும்? அதுதானே?" என்றார். அதுதான். ஆங்கிலத்தில் இதற்கு ஸ்பிளிட் பிரெய்ன் என்று பெயர், மூளை இரண்டாய்ப் பிளந்தது போல. எனக்கு அப்பாவின் பெயர்தான் பிடித்திருக்கிறது.

சரி, நடந்தது இது. போன வருஷம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை. எங்கள் பக்கத்து ஜூன் மழையை உங்கள் வாசகர்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. பின்னேரம் மூன்றரைக்குக் கரண்ட் போனது. அதையொட்டி ஒரு யூகலிப்டஸ் மரமும் கேபிள் மேல் விழுந்திருக்கிறது. ஸ்டோரில் ஜெனரேட்டர் ஓடியது, மெஷின் யுபிஎஸ் பற்றரியில் நின்றது, ஒன்றும் ஆகவில்லை. ஒபிஸ் மெஷினும் யுபிஎஸ்ஸில் நின்றது. நின்றபடியே கீழேயிருந்து குரல் வரவில்லை என்று பார்த்து, பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டது. கீழே இருந்தவனும் பொறுப்பை விடவில்லை, அவன் ஏன் விடப்போகிறான்?

அந்திக் கொழுந்து நிறுவை கீழ் மெஷினில் ஏறியது. மறுநாள் காலை நிறுவையும், பகல் நிறுவையும் அங்கேதான். மேலே ஒபிஸில் பெரிய கிளாக்கர் அட்வான்ஸ் கணக்கும் பேரும் போட்டார். அது மேல் மெஷினில். எல்லாம் ஓடுகிறது என்று எல்லோரும் நிம்மதியாக இருந்தார்கள். பத்தொன்பது இருபது மணித்தியாலம் இப்படியே போனது. ஸ்டோர் கணக்கு மேலே தெரியவில்லையே என்று கிளாக்கர் என்னைக் கூப்பிட்ட பிறகுதான் எனக்கே விஷயம் தெரியும்.

வெள்ளிக்கிழமை பகல் நான் போய்த் தொடர்பைச் சரிசெய்தேன். இரண்டு மெஷினும் ஒன்றையொன்று பார்த்தன. பார்த்த உடனேயே, நீயும் எழுதியிருக்கிறாய், நானும் எழுதியிருக்கிறேன், உன்னோடு சேர மாட்டேன் என்று தொடர்பை அறுத்துக்கொண்டு தனித்தனியாக நின்றுவிட்டன. டிஆர்பிடி அந்த இடத்தில் யோக்கியன். தெரியாத விஷயத்தில் ஊகித்து எதையாவது கலந்துவிடாது. மனுஷன் வந்து, யாருடைய எழுத்தை அழிக்கலாம் என்று வாயால் சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன். தவறாகச் சொன்னேன்.

பக்கத்தில் கிளாக்கர் நிற்கிறார். "தம்பி, அட்வான்ஸ் லிஸ்ட் நாளைக்குப் போகணும்." மேல் மெஷினில் கடைசியாக எழுதிய நேரம் பிந்தியது, எழுத்தும் அதிகம். அதுதான் சரியானது என்று எடுத்துக்கொண்டு, கீழ் மெஷினை அடக்கிவைத்து, "உன்னுடைய மாற்றங்களைக் கைவிட்டுச் சேர்ந்துகொள்" என்று கட்டளை கொடுத்தேன். இந்தச் சமயத்தில் அது முழு டிஸ்க்கையும் திரும்ப எழுதாது. பிரிந்திருந்தபோது எந்தெந்தக் கட்டங்கள் மாறின என்று ஒரு குறிப்பு வைத்திருக்கும், அவற்றை மட்டும் எழுதும். அதனால் இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அந்த இரண்டு நிமிஷத்தில் மூன்று நிறுவையின் கணக்கு போய்விட்டது. கைவிடப்போகிற டிஸ்க்கை முதலில் தனியாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தால், பிறகு ஆறுதலாக உட்கார்ந்து பொறுக்கி எடுத்திருக்கலாம். ஒரு மணித்தியால வேலை. நான் செய்யவில்லை.

போனது கிலோக் கணக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. நிறை காணாவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். அந்த வேலையை இப்போது மென்பொருளே செய்கிறது. இரண்டு டிவிசன் பெண்களுக்கும் அந்த இரண்டு நாளுக்கு அரைப்பேர் போட்டு லிஸ்ட் வந்துவிட்டது. திங்கட்கிழமை, வேலைக்கு ஆட்கள் கூடுகிற பெரட்டுக்களத்தில் சத்தம். நான் அங்கே போய் நின்றேன். என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான், ஒளிந்துகொள்ள முடியாது.

காப்பாற்றியது எது தெரியுமா? நிறுவையின்போது அச்சடித்துக் கொடுக்கிற துண்டு. ஆனால் அது வெப்பத்தில் எழுத்து வருகிற மெல்லிய கடதாசி. மழையில் இடுப்பில் கட்டுகிற படங்குக்குள் வைத்தவர்களுடையது ஊறிக் கூழாகியிருந்தது. அடுப்புக்கு மேல் சொருகி வைத்தவர்களுடையது முழுக் கறுப்பு. ஒரு அக்கா மட்டும் தன்னுடைய துண்டுகளை கிளினிக் அட்டையோடு ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, எண் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "நீங்க மெஷினை நம்புவீங்க, நாங்க எதை நம்புறது?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. மிச்சப் பேருடைய கணக்கு வந்தது கணக்கப்பிள்ளை ஒருவரின் பென்சில் கொப்பியிலிருந்து. மெஷின் வந்த பிறகும் பழக்கதோஷத்தில் எழுதிக்கொண்டிருந்தாராம். இரண்டு இரவு உட்கார்ந்து அதைப் பார்த்துப் பதிந்தோம். எல்லோருக்கும் முழுப்பேர் திரும்பக் கிடைத்தது.

பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. உலகம் முழுக்க மென்பொருள் எழுதுகிறவர்கள் பாவிக்கிற கிட்ஹப்பில், 2018 ஒக்டோபர் 21இல், அமெரிக்கக் கிழக்குக் கரையில் தொடர்பு அறுந்தது 43 விநாடிதான். அதற்குள் அவர்களுடைய தானியங்கி டேட்டாபேஸ் பொறுப்பை மேற்குக் கரைக்கு மாற்றிவிட்டது. கிழக்கில் எழுதியதில் சில விநாடிக் கணக்கு மேற்குக்குப் போய்ச் சேரவில்லை. அதைச் சீர்செய்து முழுமையாகத் திரும்பி வர 24 மணித்தியாலம் 11 நிமிஷம் பிடித்தது. அவர்கள் அவசரப்படவில்லை. தளம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை, ஒருவருடைய எழுத்தும் போகக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். என் பக்கத்தில் நின்ற கிளாக்கர் அவர்கள் பக்கத்தில் நிற்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

தோட்டத்தில் எல்லோரும் மரத்தைத் திட்டினார்கள், நானும்தான். பிறகு ஒரு நாள் லொக் பதிவுகளை உட்கார்ந்து வாசித்தபோது, தொடர்பு போன நேரமும் கரண்ட் போன நேரமும் ஒன்றாக இருந்தது. மரம் விழுந்தது அதற்குப் பிறகு. ரேடியோ லிங்க் இருந்ததே, மரம் விழுந்தால் அது எடுத்திருக்க வேண்டுமே என்ற கேள்வியும் எனக்கு அப்போதுதான் வந்தது. விஷயம் இதுதான். ஒபிஸில் சேர்வருக்கு யுபிஎஸ் இருந்தது. ஃபைபரும் ரேடியோவும் வந்து சேருகிற அந்தச் சின்ன நெட்வேர்க் சுவிட்ச் மட்டும் சுவரிலிருந்த சாதாரண பிளக்கில், கேத்தலுக்குப் பக்கத்தில் சொருகப்பட்டிருந்தது. கரண்ட் போகும்போதெல்லாம் இரண்டு மெஷினும் உயிரோடு இருக்க, நடுவில் இருந்தது மட்டும் செத்திருக்கிறது. இரண்டு வழி என்று நாங்கள் நம்பியவை இரண்டும் ஒரே வாசலுக்குள்தான் நுழைந்தன. அந்தச் சுவிட்சின் விலை நாலாயிரம் ரூபாய் இருக்கும். அதற்கு முன் இந்தக் குறை ஏன் வெளியே தெரியவில்லை என்றால், கரண்ட் போனது எப்போதும் இரவிலோ ஞாயிறிலோ, ஒரு பக்கமும் எழுத ஆள் இல்லாத நேரத்தில். அதிர்ஷ்டம், வேறொன்றும் இல்லை.

இன்னொன்றும் கண்டேன். மறைக்க மாட்டேன், ஆனால் பொருத்திக் கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லவும் மாட்டேன். பேஸ்மேக்கரில் ஸ்டோனித் என்று ஒரு பாதுகாப்பு உண்டு. மற்றவனின் தலையில் சுடு என்பதன் சுருக்கம், பெயர் வைத்தவர்களுக்குக் கொஞ்சம் குரூரமான நகைச்சுவை. கருத்து நல்லது. மற்றவன் செத்தானா என்று ஊகிக்காதே, அவனுடைய கரண்டை நீயே அறுத்து, செத்ததை உறுதிசெய்த பிறகு பொறுப்பை எடு. இதற்கான ஏற்பாடு இல்லாமல் பேஸ்மேக்கர் எதையும் தொடங்காது, மறுத்துவிடும். ஆனால் அந்த மறுப்பை மூட ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓட்டிக் காட்டி ஒப்படைக்கிற நாளில் வேலை செய்ய வேண்டுமே. பராமரிப்பை நான் பொறுப்பேற்றபோது அந்த வரியைப் பார்த்திருக்கிறேன், ஒன்றும் கேட்கவில்லை.

இனி ஸ்டோனித் போட்டால் போதுமா என்றால், மலைநாட்டில் அதிலும் ஒரு கஷ்டம் இருக்கிறது. கீழ் மெஷினின் கரண்டை அறுக்கச் சொல்லும் கட்டளை எந்த வழியாகப் போகும்? அறுந்துபோன அதே வழியாகத்தான். கட்டளை போகாது, செத்தது உறுதியாகாது, மேல் மெஷின் பொறுப்பை எடுக்காமல் நின்றுவிடும். அது பரவாயில்லை, குறைந்தது இரண்டு கணக்கப்பிள்ளை இல்லை. ஆனால் கீழ் மெஷின் உண்மையிலேயே செத்திருந்தாலும் இதே கதைதான். அப்புறம் ஃபெயில்ஓவர் என்று எதற்கு?

இதற்கு இரண்டு பேரால் தீர்வு காண முடியாது. மூன்றாவது ஆள் வேண்டும். தோட்டச் சங்கக் கூட்டத்துக்குப் போனவர்களுக்குக் கோரம் என்றால் தெரியும். மூன்றில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்க முடிந்தால் அவர்கள் பக்கம் கோரம் இருக்கிறது, எழுதலாம். தனியாக நிற்பவன், தான் நல்ல சுகத்தோடு இருந்தாலும் பேனாவை மூடி வைக்க வேண்டும். டிஆர்பிடியின் 9ஆம் பதிப்பில் இது உள்ளேயே இருக்கிறது. மூன்றாவது ஆளுக்குப் பெரிய டிஸ்க் வேண்டாம், பிரதியே வைத்திருக்க வேண்டாம், சாட்சி சொன்னால் போதும். உள்ளங்கை அளவு கம்பியூட்டர் ஒன்று தாராளம். ஆனால் அது ஸ்டோரிலும் இருக்கக் கூடாது, ஒபிஸிலும் இருக்கக் கூடாது. அதற்குக் கரண்டும் வேறு வழி, தொடர்பும் வேறு வழி.

இதில் ஒரு நட்டமும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விற்கக் கூடாது. ஸ்டோர் தனியாக மாட்டிக்கொண்டால், மெஷின் நன்றாக இருக்கும்போதே நிறுவைப் பதிவு நின்றுவிடும். துரைக்கு, அதாவது தோட்ட முகாமையாளருக்கு, இதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. "நல்லா இருக்கிற மெஷினை ஏன் நிப்பாட்டணும்?" என்பது அவர் கேள்வி. அந்த நேரத்தில் பென்சிலும் கொப்பியும் எடுக்க வேண்டியதுதான். ஸ்டோரில் அதற்கென்று ஒரு கொப்பி இப்போது கயிறு கட்டித் தொங்குகிறது. மெஷின் எழுதிய இரண்டு கணக்கைவிட மனுஷன் எழுதிய ஒரு கணக்கைப் பதிந்துகொள்வது எனக்குச் சுலபம். செத்தவன் திரும்பி எழும்பினால் பொறுப்பு தானாக அவனிடம் ஓடிப்போகாதபடியும் கட்டிப் போட்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் கரண்ட் மழைநாளில் பத்துத் தரம் வந்து பத்துத் தரம் போகும், ஒவ்வொரு தரமும் பொறுப்பு மாறினால் டேட்டாபேஸ் தாங்காது.

கடிதம் எழுதிய அன்பர் இன்னொரு வரியும் எழுதியிருந்தார், மிரர் இருந்தால் தனியாக பெக்அப் தேவையில்லை என்று. தயவுசெய்து அதை யாரும் நம்ப வேண்டாம். மிரர் நல்லதையும் பிரதி எடுக்கும், கெட்டதையும் அதே விநாடியில் பிரதி எடுக்கும். கிளாக்கர் தவறுதலாக ஒரு மாதக் கணக்கை அழித்தால் இரண்டு இடத்திலும் அழியும். 2023இல் நம் அரச மின்னஞ்சலில், கோப்புகளைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கிற ரான்சம்வெயார் புகுந்தபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான கடிதங்களுக்குத் திரும்ப எடுக்க பெக்அப் இல்லை என்று பத்திரிகைகளிலேயே வந்தது. கழற்றி அலுமாரியில் வைத்த ஒரு டிஸ்க் இருந்திருந்தால் கதை வேறு. எங்கள் தோட்டத்தில் சனிக்கிழமை தோறும் ஒரு டிஸ்க்கில் எடுத்து, கழற்றி, கிளாக்கர் குவாட்டர்ஸுக்குக் கொண்டுபோகிறார். அவர் மனைவி அதை ரேஷன் கார்ட் பெட்டியில் பூட்டி வைக்கிறார்.

சங்கக் காசில், பாடசாலைக் காசில் இப்படி இரண்டு சேர்வர் வாங்கப்போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கடைசித் தவணையைக் கொடுக்குமுன், கொழுந்து நிறுத்து முடிந்த பிறகு, பொருத்தியவரை முன்னால் நிறுத்தி நடுக் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள். மெஷினை நிறுத்திக் காட்டுவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள், அதை யாரும் செய்து காட்டுவார்கள். இரண்டும் ஓடிக்கொண்டிருக்கத் தொடர்பை மட்டும் கழற்ற வேண்டும். பத்து நிமிஷம் கழித்து இரண்டு பக்கமும் போய், எதில் எழுத முடிகிறது என்று பாருங்கள். இரண்டிலும் முடிந்தால் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு மெயின் சுவிட்சை இறக்கி, எந்தெந்த விளக்கு அணைகிறது என்று தரையில் குனிந்து பாருங்கள். கேத்தல் பக்கமும்.

எங்கள் மூன்றாவது மெஷின் போன புதன்கிழமை பிள்ளை மடுவத்தில் ஏறிவிட்டது. அங்கே கரண்ட் வேறு லைனில் வருகிறது, போன் சிக்னலும் நன்றாக எடுக்கிறது. பிள்ளைகள் தொட்டால் ஷொக் அடிக்குமா என்று ஆயா கேட்டார். அடிக்காது, ஆனாலும் மேல் தட்டில்தான் வைத்திருக்கிறேன், பால்மா டின்களுக்குப் பின்னால்.

இப்படிக்கு,
கம்பியூட்டர் பராமரிப்பாளர் ஒருவர்,
ஹற்றன்.